இரண்டு தடவை மோசம் போன ஜெர்மன்காரி

பலெர்மோவில் ஜெர்மன்காரிக்குத் தெரியாத ஓர் ஆள் இருந்தால், அந்த ஆள் இந்த ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றுதான் அர்த்தம். பிரபுக்கள், பாதிரிமார், பல்லாரோ சந்தையில் நெத்தலி விற்பவன் எல்லோரும் அவருடைய விருந்துக்கு ஒருமுறையாவது வந்து, கையில் கிளாசோடு, எதற்காகத் தங்களை அழைத்தார் என்று தெரியாமல் முழித்திருக்கிறார்கள். அந்த வீட்டைக் கூட்டித் துடைத்து, சமைத்து, கிளாஸ் கழுவி வந்த எனக்கும் அது கடைசிவரை விளங்கவில்லை.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை உச்சரிக்கப் போன எங்கள் ஆட்களுக்குத் தும்மல்தான் வந்தது. ஆகவே முதுகுக்குப் பின்னால் ஜெர்மன்காரி, முகத்துக்கு முன்னால் சிஞ்ஞோரா, அதாவது அம்மா. பிறந்த ஊர் ஆள் பார்த்து மாறும். விருந்துக்குத் தவறாமல் வரும் சீமாட்டி பரோனெஸ்ஸாவிடம் ஹம்பர்க், பாதிரியாரிடம் மூனிச், என்னிடம் ஒருநாள், "கப்பலில்." வயது கோடையில் குறையும், குளிர்காலத்தில் கொஞ்சம் கூடும். தொழில் பத்திரிகை. எந்தப் பத்திரிகை என்று கேட்டால் கையை வீசி, "எல்லாவற்றிலும்" என்பார். சிசிலியின் பழைய பிரபுக் குடும்பங்களில் யார் யாரோடு கோபம் என்று ஜெர்மன் வாசகர்களுக்கு எழுதுவதுதான் வேலை. கோபக்காரர் இருவரையும் ஒரே விருந்துக்கு அழைத்து, பக்கத்தில் பக்கத்தில் இருத்திவிட்டு, மறுநாள் காலையில் எழுதுவார். அதற்கு ஆராய்ச்சி என்று பெயர்.

என் பெயரை அவர் தெரிந்துகொண்ட விதமே தனிக்கதை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் மனைவி வதனியும் உதவிக்கு வந்தாள். சமையலறையிலிருந்து அவள், "இஞ்சாருங்கோ, அந்தத் துணியை எடுத்துத் தாங்கோ" என்றாள். யாழ்ப்பாணத்துப் பெண்டுகள் புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, இப்படி இங்கே பாருங்கோ என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெர்மன்காரி காது கொடுத்துக் கேட்டார். அன்று மாலையே மார்க்கேசே பட்டம் உள்ள ஒரு பிரபுவிடம், "இவர் சிஞ்ஞோர் இஞ்சாருங்கோ" என்று என்னை அறிமுகம் செய்தார். அந்த மனுசன், "வடக்கு இத்தாலியப் பெயர்போல இருக்கிறதே" என்று கை குலுக்கினார்.

வீட்டுக்குள்ளே இருந்திருந்தால் பரவாயில்லை. அந்த வீடு இருந்த அல்பெர்கேரியாப் பகுதியில் ஒழுங்கைக்கு ஒழுங்கை எங்கள் ஆட்கள். மூன்றாம் மாடி பல்கனியில் நின்று, சந்தைக்குப் போகும் என்னைப் பார்த்து, "இஞ்சாருங்கோஓஓ! எலுமிச்சம்பழம்!" என்று அவர் கத்தினால் தெருவே சிரிக்கும்.

"என்னப்பா இது? கட்டின நான் ஒருத்தி இருக்க, அந்த மனுசி ஏன் உங்களை அப்பிடிக் கூப்பிடுறா?" என்று வதனி கேட்டாள்.

"என்ர பேர் எண்டு நினைக்கிறா."

"அப்ப உண்மையான பேரைச் சொல்லுங்கோவன்."

சொன்னேன். ஜெர்மன்காரி யோசித்துவிட்டு, "வேண்டாம், பழைய பெயர்தான் உனக்குப் பொருத்தம்" என்றார். அன்றிலிருந்து வதனி அவரை "உங்கட ரெண்டாந்தாரம்" என்றுதான் சொல்வாள். ஆனாலும் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தால் ரெண்டாந்தாரத்துக்கும் ஒரு டப்பாவில் தந்துவிடுவாள். அது என்ன கணக்கு என்று நான் கேட்டதில்லை.

அவருக்கு உலகத்திலேயே பெரிய விஷயம் அழைப்பு. தடித்த காகிதத்தில் தன் கையால் எழுதுவார். அழைப்பில்லாமல் ஒருவர் வீட்டுக்கும் போகமாட்டார். ஒருநாள் பேய் மழை, பஸ்காரரும் வேலைநிறுத்தம். விருந்துக்கு ஒரு குருவிகூட வரவில்லை. நீள மேசையில் மீனும் அவரும் மட்டும்.

"நான் சாகும்போதும் இப்படித்தான் இருக்கும், இஞ்சாருங்கோ," என்றார். "அழைப்பு எழுத நான் இருக்கமாட்டேனே. யார் வருவார்கள்?"

நான் தட்டை எடுத்துக்கொண்டு, "மீனை ஃபிரிட்ஜில் வைக்கட்டா?" என்று கேட்டேன்.

அவர் எங்களிடம் தமிழும் பொறுக்கிக்கொண்டிருந்தார். வதனி யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்துக் கதைக்கும்போது அடிக்கடி, "ஐயோ, மோசம் போட்டாரோ?" என்பாள். எங்கள் பக்கத்தில் மோசம் போவது என்றால் காலமாவது. சாகிற வயதுச் சொந்தக்காரர் நிறைய இருந்தார்கள், நிறையப் பேர் மோசம் போனார்கள். அதன் கருத்து என்ன என்று ஜெர்மன்காரி கேட்டிருக்கிறார். கையில் வேலையாக இருந்த வதனி ஒரே சொல்லில் "மாலே" என்றாள். மாலே என்றால் கெட்டது. சுகமில்லை என்பதற்கும் இத்தாலிக்காரர் அதைத்தான் சொல்வார்கள்.

ஒரு மாசி மாதம் ஜெர்மன்காரிக்குக் கடும் தடிமன், சளியும் இருமலும். நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்ல நினைத்து வதனிக்கு வாட்ஸப்பில் குரல் அனுப்பினார். தன்னைத் தானே சிஞ்ஞோரா என்று சொல்வது தமிழில் மரியாதை என்று அவர் எண்ணம். தொண்டை அடைத்து ஆம்பிளைக் குரலில் வந்து விழுந்தது: "சிஞ்ஞோரா மோசம் போட்டா."

யாரோ ஓர் ஆள் அவருடைய போனிலிருந்து அறிவிக்கிறார் என்று நினைத்து வதனி தலையில் கை வைத்தாள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தானாக நடந்தது. சிவபாலண்ணைக்குச் செய்தி போனது. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையப் பக்கம் ஹோட்டலில் வேலை செய்யும் சிவபாலண்ணை, எங்கள் ஆட்களின் எல்லாச் செத்த வீட்டையும் முன்னின்று நடத்துபவர். அவருக்குத் தெரிந்தால் பலெர்மோவுக்குத் தெரிந்த மாதிரி. ஜெர்மன்காரியின் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேரும்போது மாடிப்படி முழுக்கச் சனம். பெண்கள் கைகளில் தேத்தண்ணிப் போத்தலும் சோற்றுச் சட்டியும். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதே, அதனால். சிவபாலண்ணை, வருகிற சனம் உட்காரவென்று தோளில் கொண்டுவந்த மடக்குக் கதிரைகளோடு என்னைப் பிடித்தார்.

"தம்பி, பிரேதம் எப்ப எடுக்கிறியள்?"

நான் பதில் சொல்லுமுன் கதவு திறந்தது. இராத்திரிச் சட்டையோடு, கழுத்தில் சால்வையோடு, மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜெர்மன்காரி நின்றார். ஒப்பாரிக்கு ஆயத்தமாக வாயைத் திறந்த ஒரு மனுசி திறந்தபடியே நின்றார். வதனி என் கையைக் கிள்ளிக் காயமாக்கிவிட்டாள்.

விஷயம் விளங்க நெடுநேரம் எடுத்தது. விளங்கியதும் ஜெர்மன்காரிக்குக் கோபமே வரவில்லை. எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு இருத்தி, சோற்றை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு சிவபாலண்ணையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை பேருக்கும் யார் அழைப்பு அனுப்பியது?"

நான்தான் மொழிபெயர்த்தேன். சிவபாலண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "உவவுக்கு என்ன விசரே? செத்த வீட்டுக்கு ஆர் அழைப்புக் காட் அடிக்கிறது? கேள்விப்பட்டால் வாறதுதானே."

அதைச் சொன்னேன். ஜெர்மன்காரி சாப்பாட்டைக் கீழே வைத்தார். திரும்பவும் சொல்லச் சொன்னார், திரும்பவும் சொன்னேன்.

போன வருசம், குளிர் தொடங்கும் நேரம், ஒரு காலையில் என்னிடமிருந்த திறப்பால் கதவைத் திறந்து உள்ளே போனேன். பல்கனிப் பக்கக் கதிரையில், கண்ணாடியும் கழற்றாமல், உறங்குகிறவர்போல இருந்தார். தொட்டுப் பார்த்தேன். வதனிக்குப் போன் எடுத்தேன்.

"சிஞ்ஞோரா மோசம் போட்டா."

"இப்ப என்ன, திரும்பவும் தடிமனே?"

"இல்லையப்பா. உண்மையா."

"அண்டைக்கும் உண்மை எண்டுதானே ஓடினனாங்கள்?"

சிவபாலண்ணை அதற்கு மேல். "தம்பி, போன முறை கதிரை தூக்கி இடுப்பில வந்த நாரிப்பிடிப்பே இன்னும் போகேல்லை. முதல்ல வடிவாப் பார்."

நன்றாகத் தொட்டுப் பார்த்தாயிற்று, இன்னும் வடிவாகப் பார்க்க என்ன இருக்கிறது? யாருக்குச் சொல்வது, என்ன மதம், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. அவருடைய போனில் தேடியபோது, ஜெர்மனியில் உடன்பிறந்தாரின் மகன் ஒருவர் கிடைத்தார். அவர் தொலைபேசியில் மிக மரியாதையாக, வர வசதிப்படாது, இங்கேயே அடக்கம் செய்யுங்கள் என்றார். பரோனெஸ்ஸா, "எனக்கு அழைப்பு வரவில்லையே. வேறு யார் யார் வருகிறார்கள்?" என்று கேட்டார். மற்றப் பிரபுக்களும் கிட்டத்தட்ட அதே கேள்விதான். அழைப்பு எழுதுகிற ஆள் பெட்டிக்குள் இருக்கிறார் என்று எப்படிச் சொல்வது?

கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்துச் சிறு கிறிஸ்தவக் கோவிலில் பெட்டியை வைத்தார்கள். நானும் வதனியும் மட்டும் முன்வரிசையில். பின்னால் வரிசை வரிசையாக வாங்குகள், உட்கார ஆளில்லை. பாதிரியார் மணிக்கூட்டைப் பார்த்தார். அந்த மழை நாளும் மேசையும் மீனும் மனதில் வந்து எனக்கு அழுகை முட்டியது. "இன்னும் கொஞ்சம் பொறுங்கோ" என்று பாதிரியாரிடம் தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கினதோ என்னவோ, பொறுத்தார்.

வாசலில் ஒரு சத்தம். சிவபாலண்ணை, வெள்ளை வேட்டியோடு. உள்ளே நிறைய வாங்குகள் இருக்கத் தோளில் மடக்குக் கதிரைகள் வேறு. அவருக்குப் பின்னால் சனம். வேலை உடுப்போடு வந்தவர்கள், வேலைக்குப் போகாமல் வந்தவர்கள். ஒரு மனுசி பெட்டிக்குக் கிட்டப் போய் எட்டிப் பார்த்து, "ஓம், இந்த முறை உண்மைதான்" என்று மற்றவர்களுக்குச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அழுகைச் சத்தம் கேட்டது. கடைசியில் பரோனெஸ்ஸாவும் வந்தார். எங்கே இருப்பதென்று தெரியாமல் நின்றவரை வதனி கையில் பிடித்து, "இதில இருங்கோ அம்மா" என்று இழுத்து இருத்தினாள்.

எல்லாம் முடிந்தது. பரோனெஸ்ஸா எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரிடமும் போய், "அரிவெதேர்ச்சி, அரிவெதேர்ச்சி" என்று கை கொடுத்தார். திரும்பவும் சந்திப்போம் என்று கருத்து. எங்கள் பெண்கள் திடுக்கிட்டார்கள். மற்ற வீட்டிலிருந்து புறப்படும்போது "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லாமல் நாங்கள் வாசல் தாண்டமாட்டோம். செத்த வீட்டில் மட்டும் சொல்லக் கூடாது. வாயைத் திறக்காமல், திரும்பிப் பார்க்காமல் போகவேண்டும். சனமெல்லாம் அப்படியே போனது. சிவபாலண்ணைகூடக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு பேசாமல் நடந்தார்.

நானும் வாசல்வரை ஒழுங்காகத்தான் போனேன். அங்கே திரும்பிப் பார்த்தேன்.

"போட்டு வாறன், சிஞ்ஞோரா."

வதனிக்குக் கேட்டது. ஏசுவாள் என்று பார்த்தேன். அவளும் என் பக்கத்தில் வந்து நின்று, மெல்ல, "நானும் வாறன்" என்றாள்.