லிமிட்டு சேர்த்த ஒரு வரி

உலகத்தில் உள்ள கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் வாய் திறந்து பேசக் கற்றுக்கொடுத்தவர் ஆந்திர எல்லையோர நகரி என்ற ஊர்க்காரர் என்றால் நம்ப மாட்டீர்கள். நம்பாவிட்டால் போங்கள். திருப்பதி ஆபீசில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து குப்பை கொட்டியவன் நான்.

எங்களுக்கு அவர் 'லிமிட்டு'. ஒரு ஃபைல் இவ்வளவுதான் வளரலாம் என்று ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அளவு வைக்கலாம். அதைத் தாண்டி எழுதப் போனால் என்ன எரர் சொல்ல வேண்டும் என்பதற்கு ஒரு ஸ்டாண்டர்டு, எல்லா சிஸ்டத்துக்கும் பொதுவான விதிப் புத்தகம், இருக்கிறது. நாங்கள் செல்போனில் கிரிக்கெட் பார்க்கும் மதிய நேரத்தில் அவர் அதைப் படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பார்.

"ஃபுல்லாயிட்சின்னா எரர் குடுக்க வேண்டியதுதானே, இதுல படிக்க இன்னா கீது?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"அப்டி இல்லப்பா. எட்டு எழுத்து எழுதச் சொல்றான், மூணுக்குத்தான் எடம் கீது. மூணை எழுதிட்டு, 'மூணுதான் போச்சி'ன்னு சொல்லணும். மறுபடி வந்தான்னாதான் எரர்."

படித்ததோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. புத்தூரில் அவர் தங்கை கல்யாணத்தன்று பந்தி வாசலில் அவரை நிற்க வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா தன்னோடு சேர்த்து எட்டுப் பேராக வந்தார். உள்ளே மூன்று இலைதான் காலி. லிமிட்டு முன்னால் வந்த மூன்று பேரை உள்ளே விட்டு, "மூணு பேர் போயிட்டாங்க" என்று பணிவாகச் சொல்லிக் கையைக் குறுக்கே நீட்டினார். பெரியப்பா நாலாவது ஆள்.

"சம்பந்தி வூட்டுக்காரனையே நிறுத்துறியா?"

"இப்ப நீங்க இன்னொரு வாட்டி கேட்டா எடம் இல்லன்னு சொல்லணும் மாமா. கேக்காதீங்க."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காரை நோக்கி நடந்தார். லிமிட்டின் அப்பா பின்னாலேயே ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

இப்படிப்பட்டவர் எழுதிய பேக்கப் புரோகிராம் ஒருமுறை பாதி டேட்டாவைத் தொலைத்துவிட்டது. ஆபீசே அவரைத் திட்டியது. மனுஷன் சாப்பாடு இறங்காமல் தேடிக் காரணத்தைக் கண்டுபிடித்தார். ஃபைலை நீட்டும் ஒரு கட்டளை அளவைத் தாண்டினால் எரர் சொல்ல வேண்டும் என்று ஸ்டாண்டர்டில் எழுதாமலே விட்டிருந்தார்கள். அதனால் ஒரு சிஸ்டம் எரர் சொன்னது, இன்னொன்று கம்மென்று இருந்துவிட்டது. அதை நம்பி அவருடைய புரோகிராமும் எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டது.

அந்த ஸ்டாண்டர்டை எழுதும் கமிட்டிக்கே எழுதிப் போட்டார். எங்கள் மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார். "மனகெந்துகு பாபு? நமக்கு எதுக்கு இந்த வம்பு? உன் பேச்ச அவங்க கேப்பாங்களா?"

"கேக்கலன்னா தப்பு என்னுதுன்னு ஆயிடும் சார். அத என்னால தாங்க முடியாது" என்றார் லிமிட்டு. அப்போது அவர் சிரிக்கவில்லை.

கமிட்டி ஆன்லைன் மீட்டிங்குக்குக் கூப்பிட்டது. வேலையை விட்டுவிட்டு எல்லோரும் அவர் மேசையைச் சுற்றி நின்றோம். திரையில் ஒரு வெளிநாட்டுப் பெரியவர், "இத்தனை நாளாக யாரும் புகார் சொல்லவில்லையே, அப்படியே விட்டுவிடலாம்" என்றார். லிமிட்டு தன்னுடைய நகரி இங்கிலீஷில் நிதானமாகப் பதில் சொன்னார்:

"எரர் வந்தாத்தானே சார் புகார் வரும்? நீங்கதான் அதைச் சொல்லவே வுடலியே!"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார். "சேர்த்துவிடலாம்" என்றார்.

முதலில் கைதட்டியது எங்கள் மேனேஜர்தான். லிமிட்டு யாரையும் பார்க்காமல் முகம் கழுவ எழுந்து போய்விட்டார்.

ஸ்டாண்டர்டில் புதிதாகச் சேர்ந்த அந்த வரியில் அவர் பெயர் கிடையாது. இப்போதெல்லாம் எங்காவது, 'ஃபைல் அளவு மீறிவிட்டது' என்று எரர் வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "திட்டாதீங்கப்பா, அது எங்காளு" என்கிறேன்.