கப்பலில் வந்த விமானங்கள்

பறவைகளுக்கும் வாய்க்காத ஒரு பெருமை அந்த நாட்டு விமானப்படைக்கு வாய்த்தது: அதன் புதிய போர் விமானங்கள் ஆறும் கப்பலில் வந்து இறங்கின. பறந்து வருவதெல்லாம் பழைய முறை. மேலும் அந்த விமானம் தரையிறங்க மூன்று கிலோமீட்டர் ஓடுபாதை வேண்டும். நாட்டிலிருந்த ஒரே ராணுவ ஓடுபாதை இரண்டு கிலோமீட்டரோடு முடிந்து, அதற்கப்பால் காய்கறிச் சந்தை தொடங்கியது. ஆகவே துறைமுகத்திலிருந்து லாரிகளில் ஏற்றி, தெருவிளக்குக் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டே ஆமை நடக்கும் வேகத்தில் தளத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கவல்ல அந்த விமானம், பதினெட்டு கிலோமீட்டரை நான்கே நாளில் கடந்து சாதனை படைத்தது. விமானம் கப்பலில் வந்தது, மானம் அதே கப்பலில் ஏறிப் போனது என்று சந்தையில் சிலர் பேசிக்கொண்டார்கள். தொலைநோக்கு இல்லாதவர்கள்.

தளத்தில் கைதட்டாமல் நின்றவர் ஃபோர்மேன் ஒருவர்தான். முப்பத்தோரு வருடமாக விமானங்களைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்த அவரை எல்லோரும் ‘ஸ்பேனர்’ என்றே அழைத்தார்கள். நாட்டுப்பற்றுக் குறைவால் அவர் சும்மா நிற்கவில்லை. இரண்டு கையிலும் கிரீஸ்.

அந்தக் கிரீஸுக்கு இனி வேலை இல்லை என்று நவீனமயமாக்கல் அதிகாரி அன்றே அறிவித்தார். இந்தப் பதவி விமானங்களோடு சேர்ந்து புதிதாக வந்தது. புதிய விமானத்தின் மூடியை நம் ஆட்கள் திறந்தால் உத்தரவாதம் செல்லாது. திறக்க வேண்டுமென்றால் கம்பெனியிலிருந்து ஆள் வர வேண்டும். கம்பெனியில் இப்போது வருடாந்திர விடுமுறை. மெக்கானிக்குகளுக்கு இரண்டு வாரம் ‘சிறப்புப் பயிற்சி’ நடந்தது. விமானத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி எப்படி நிற்பது என்பதுதான் பாடம். ஸ்பேனர் அதில் முதல் வகுப்பில் தேறினார். விமானத்தின் கணினிக்கு வெயில் ஆகாது என்பதால் தளத்து மருத்துவமனையின் ஏசிகளைக் கழற்றிக் கொட்டகையில் மாட்டினார்கள். நோயாளிகளுக்கு வியர்ப்பது நல்லதுதான் என்று டாக்டரிடம் ஒரு சான்றிதழும் வாங்கிக்கொண்டார்கள். இறக்குமதி என்றால் முதலில் மதியை இறக்கி வைக்க வேண்டும் போலிருக்கிறது என்று ஸ்பேனர் வீட்டில் முணுமுணுத்தார்.

வீட்டில் அதைக் கேட்கச் சரியான ஆள் இருந்தாள். அவருடைய ஒரே மகள் அதே தளத்தில் விமானி. வீட்டில் அவள் ‘பாப்பா’. தளத்தில் அவள் அதிகாரி, இவர் தொழிலாளி. வாசல் கேட்டைத் தாண்டியதும் அவர் அவளை ‘மேடம்’ என்றுதான் கூப்பிட வேண்டும். இருபது வருடப் பழக்கம் நாக்கை விடாததால், “மேடம், ஹெல்மெட்டை ஒழுங்கா மாட்டுடி கண்ணு” என்று ஒருமுறை சொல்லி எச்சரிக்கைக் கடிதம் வாங்கினார்.

மகள் ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு பழைய கடல் ரோந்து விமானம். இரண்டு இருக்கை, ஒரே ஒரு புரொப்பெல்லர். அதற்குப் ‘பெரியம்மா’ என்று பெயர் வைத்தவர் ஸ்பேனர்தான். வாய் ஓயாது, சாப்பாடு அதிகம், சட்டென்று சூடாகிவிடும். ஆனால் நல்லது கெட்டதுக்குக் கூப்பிட்டால் வராமல் இருந்ததில்லை. நவீனம் உள்ளே வர வேண்டுமானால் பழமை வெளியே போக வேண்டும் அல்லவா? ஒரு வெள்ளிக்கிழமை பெரியம்மாவுக்கு மாலை போட்டு, பதிவேட்டில் அதன் பெயருக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதினார்கள். டேங்க்கில் இருந்த எரிபொருளை ஸ்பேனர் இறக்கவில்லை. எரிபொருள் இறக்கும் படிவம் தலைமையகத்திலிருந்து வரவில்லை. படிவம் இல்லாமல் அவர் ஒரு திருகாணியைக்கூடத் தொடுகிறவர் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை தொடக்க விழா. புதிய விமானங்களால் ஓடுபாதையில் ஓட முடியும், எழும்பத்தான் முடியாது. எழும்புவதற்குள் சந்தைக்குள் போய்விடும். விழாவில் என்ன செய்வது என்று ஏழு கூட்டம் நடந்தது. கடைசியில் அமைச்சரே வழி சொன்னார். விமானம் நகர வேண்டியதில்லை. விருந்தினர்களைப் பஸ்ஸில் ஏற்றி விமானத்தைச் சுற்றி வேகமாக ஓட்டினால் போதும். உள்ளே இருப்பவர்களுக்கு எது நகர்கிறது என்று தெரியவா போகிறது? அறிவியல் தெரிந்த அமைச்சர் கிடைப்பது ஒரு நாட்டின் பாக்கியம்.

விழா அன்று காலை பஸ் நான்காவது சுற்றில் இருந்தபோது துறைமுகத்திலிருந்து போன் வந்தது. முந்தின நாள் காற்றில் சிக்கிய மீன்பிடிப் படகு ஒன்றைக் காணவில்லை. அதில் ஒன்பது பேர். தேடப் படகுகள் போயிருக்கின்றன. ஆனால் அவ்வளவு பெரிய கடலில் மேலேயிருந்து ஒரு கண் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. விமானம் கிடைக்குமா?

தளபதி விழா மேடைப் பக்கம் பார்த்தார். ஆறு விமானங்கள் பளபளவென்று நின்றன. இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது, கிடைக்குமா என்று கேட்டால் கிடைக்காது என்றார் நவீனமயமாக்கல் அதிகாரி. பழையது ஒன்று ஓரமாக நிற்கிறதே என்று தளபதி இழுத்தபோது, அது பதிவேட்டின்படி இல்லை, இல்லாத விமானத்தை அனுப்பச் சட்டத்தில் இடமில்லை என்றார் அதிகாரி. பிறகு பஸ்ஸில் இடம் பிடிக்க ஓடினார்.

தளபதி நல்ல மனிதர். ஓய்வு பெற இன்னும் பதினொரு மாதம் இருந்ததுதான் அவருடைய ஒரே பலவீனம். ஸ்பேனரையும் மகளையும் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: “நான் பத்து நிமிஷம் அந்தப் பக்கம் திரும்பி நின்னு கொடியைப் பாக்கப் போறேன். காது எனக்கு முன்னாடி மாதிரி கேக்கறதில்ல.”

மகள் ஓட ஆரம்பித்தாள். ஸ்பேனர் பின்னால் ஓடினார். பெரியம்மாவின் கழுத்திலிருந்த காய்ந்த மாலையைக் கழற்றி எறிந்தார். எரிபொருள் முள் எப்போதோ செத்துப்போயிருந்ததால் குச்சியை விட்டு அளந்தார். மூன்று மணி நேரத்துக்குத் தாங்கும். இடது டயரைத் தட்டிப் பார்த்தார். பின் இருக்கையில் கடலைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்பது அப்போதுதான் இருவருக்கும் நினைவு வந்தது. மற்ற விமானிகள் எல்லோரும் பஸ்ஸில் இருந்தார்கள்.

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். முப்பத்தோரு வருடத்தில் ஸ்பேனர் ஒருமுறைகூடப் பறந்ததில்லை. மாடிப்படியில் ஏறினாலே சுவரைப் பிடித்துக்கொள்கிறவர்.

“நீங்க வேணாம்ப்பா. நான் ஒத்தையாப் போயிக்கறேன்.”

“ஓட்டிக்கிட்டே எப்படித் தேடுவ? நகருங்க மேடம்.”

ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறினார். நான் பூட்டிய வண்டி, விழுந்தால் நான் இல்லாமல் விழக் கூடாது என்று நினைத்துக்கொண்டார். பெரியம்மா நாலு தரம் இருமி, கரும்புகை கக்கி, வழக்கமான வசவுகளோடு எழும்பினாள். தரை விலகியபோது ஸ்பேனர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு கடலைத் தேடுவது எப்படி என்று மகள் கேட்டதும் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

அந்த ஒரு கண்தான் ஒன்றேகால் மணி நேரத்துக்குப் பிறகு அதைப் பார்த்தது. கவிழ்ந்த படகின் முதுகில் ஈக்கள் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த ஆட்கள். மகள் தாழப் பறந்தாள். ஸ்பேனர் இரண்டு கண்ணையும் திறந்து எண்ணினார். எட்டுதான் வந்தது. மறுபடி சுற்றச் சொன்னார். ஒன்பதாவது ஆள் தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கையாட்டினான். உயரம், பயம் எல்லாம் மறந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, விமானத்தில் எப்போதும் இருக்கும் ரப்பர் மிதவையைத் தள்ளிவிட்டார். அது சரியாக அவர்கள் பக்கத்திலேயே விழுந்தது. மகள் ரேடியோவில் இடத்தைச் சொன்னாள். தேடும் படகு வந்து சேரும்வரை வட்டமடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒன்பது பேரையும் ஏற்றியாயிற்று என்று செய்தி வந்தபோது ஸ்பேனர் பின் இருக்கையில் அழுதுகொண்டிருந்தார். எஞ்சின் சத்தத்தில் மகளுக்குக் கேட்கவில்லை என்று இன்றுவரை நம்புகிறார்.

திரும்பி வந்து விழா மேடைக்கு மேலாகத் தாழப் பறந்து இறங்க வேண்டியதாயிற்று. ஒலிபெருக்கிக்காரர் சமயோசிதம் மிக்கவர். “இதோ, நமது நவீன விமானம் உங்கள் தலைக்கு மேலே” என்று முழங்கினார். கைதட்டல் வானைப் பிளந்தது. நவீன விமானங்கள் ஆறும் அவர்கள் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தன. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பிறகு விசாரணைக் குழு அமைந்தது. இல்லாத விமானம் பறந்திருக்க முடியாது. ஆனால் ஒன்பது பேர் உயிரோடு இருக்கிறார்கள். இந்தச் சிக்கலை மூன்று வாரம் ஆராய்ந்து, மீட்பைச் செய்தது புதிய விமானமே என்று குழு ஒருமனதாகக் கண்டுபிடித்தது. ஃபோர்மேன் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் மகளுக்குப் பதக்கமும் புதிய விமானத்தில் பதவியும் உண்டு. போடாவிட்டால் அவள் இனிப் பறக்க முடியாது. புதிய விமானமோ பறக்கவே பறக்காது. போட்டாலும் தரை, போடாவிட்டாலும் தரை.

என்ன செய்யட்டும் என்று அன்று அவர் மகளைத்தான் கேட்டார்.

“நீங்க கண்ணால பாத்ததை எழுதுங்கப்பா” என்றாள் அவள். “ரெண்டு கண்ணையும் தொறந்தப்புறம் பாத்ததை.”

எழுதினார். பறந்தது பழையது, பார்த்துக்கொண்டு நின்றது புதியது என்று ஒரே வரி. குழு அதில் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தி, ‘பறந்தது புதியது, பார்த்துக்கொண்டு நின்றது பழையது’ என்று வெளியிட்டது. மகளுக்குக் கிடங்கில் வேலை கொடுத்தார்கள். அப்பாவுக்கு இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் பயிற்சி மறுபடி தொடங்கியது. இந்த முறை அவர் வேண்டுமென்றே தோற்றார்.

நன்றி தெரிவிக்கும் விழாவுக்கு அந்த ஒன்பது பேரையும் அழைத்துவந்தார்கள். புதிய விமானத்தின் முன் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக் கிடந்த படகோட்டி, கூட்டத்தின் கடைசியில் நின்ற ஸ்பேனரையும் அவர் மகளையும் பார்த்துக் கும்பிட்டான். பிறகு விமானத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நவீனமயமாக்கல் அதிகாரியிடம் மரியாதையாகக் கேட்டான்:

“அடுத்த தடவை நாங்க தண்ணியில விழுந்தா என்ன சார் ஏற்பாடு?”

அதிகாரி பெருமிதத்தோடு நிமிர்ந்தார். “அதுக்குள்ள இது மாதிரி இன்னும் பன்னெண்டு வந்துரும்.”

படகோட்டி அவரையும் கும்பிட்டான்.

“வரட்டும் சார். நாங்க பிள்ளைங்களுக்கு நீச்சல் கத்துக் குடுத்துடறோம்.”