தும்லாவ் பெயரை அடிக்க வந்தவர்

சாப்பாட்டு மேஜையில் கிடந்த கல்லூரிக் கடிதத்தைப் படித்ததும் கிரிசாந்தோ தும்லாவுக்குக் காபி புரையேறியது.

‘மாணவி: எம். தும்லாவ். முதன்மைப் பாடம்: இன ஆய்வியல்.’

மகள் மரிவிக் நர்ஸிங் படிக்கிறாள் என்று அமெரிக்காவின் டேலி சிட்டி முழுக்கத் தம்பட்டம் அடித்தவர் அவர். அவளை நர்ஸ் உடுப்பில் பார்க்கத்தான் இருபது வருஷமாகப் பஸ் ஓட்டுகிறார். மனைவி மிலாக்ரோஸிடம் புலம்பலாம் என்றால், செவ்வாய்க்கிழமை. அவள் வழக்கம்போல ஜெபக் கூட்டத்துக்குப் போய்விட்டாள்.

மகளுக்குப் போன் போட்டார்.

“அப்பா, ஆஸ்பத்திரியில பயிற்சியில இருக்கேன். அப்புறம் பேசறேன்!”

“புளுகறதைப் பாரு!” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கல்லூரியின் இன ஆய்வியல் துறை அலுவலகத்தில் ஒரு பெண் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

“தும்லாவ் விஷயமா வந்திருக்கேன். பேரை அடிக்கணும்.”

அவள் காதில் பாதிதான் விழுந்தது. “பிலிப்பினோக்காரர்தானே? அப்பாடா! சிறப்புரைக்கு வர்றவரு எங்கேன்னு இப்பதான் கேட்டாங்க. வாங்க மனோங்!”

மனோங், அதாவது அண்ணா, என்று மரியாதையாகக் கூப்பிட்டவளிடம் எப்படிச் சண்டை போடுவது? வாயைத் திறப்பதற்குள் முதலாண்டு வகுப்பில் நின்றார். பேராசிரியை மைக்கை நீட்டினாள். முப்பது பேர் கைதட்டினார்கள். மகளைக் காணோம். சரி, வந்ததற்கு இவர்களையாவது திருத்துவோம் என்று ஆரம்பித்தார்.

“நம்ம ஆளுங்க அமெரிக்காவுக்கு எப்படி வந்தாங்கன்னு புத்தகம் வாங்கிப் படிக்கணுமா? என்னைக் கேளு, சும்மாவே சொல்றேன்! ஒரே வீட்டுல நாலு குடும்பம், ஒரு கக்கூஸ். என்ஜினியர் பட்டத்தைப் பெட்டியில பூட்டிட்டுக் கோழிக்கறி ஃபாக்டரியில எலும்பு எடுத்தேன். இதுக்கெல்லாம் ஒரு பட்டமா? போய் நர்ஸிங் படிங்க!”

எல்லாத் தலைகளும் குனிந்தன. வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தார். குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“கக்கூஸுக்கு யாரு முறை வெச்சாங்க, மனோங்?” என்றான் ஒருவன்.

“என் மாமியார். நேரம் முடிஞ்சா விசில் ஊதுவா.”

வகுப்பே சிரித்தது. அது அடங்கியதும் கடைசி வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: “அந்தப் பட்டம் இன்னும் பெட்டியிலதான் இருக்கா?”

இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. கிரிசாந்தோ மைக்கைக் கீழே வைத்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்துதான் மீதியைச் சொன்னார். நேரம் முடிந்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

“அடுத்த செவ்வாயும் வரணும்,” என்றாள் பேராசிரியை. “நர்ஸிங் படிக்கச் சொல்லி நீங்க திட்டினதைத்தான் பரீட்சையில கேக்கப்போறேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அலுவலகத்துக்குத் திரும்பினார்.

“பேரை அடிக்க வேணாம்மா. என் பொண்ணு இதையே படிக்கட்டும்.”

“எந்தப் பொண்ணு?”

“எம். தும்லாவ்.”

அவள் பட்டியலைப் பார்த்தாள். பிறகு அவரை உச்சி முதல் பாதம்வரை பார்த்தாள்.

“மனோங், எங்ககிட்ட இருக்கறது ரெண்டாம் வருஷம் மிலாக்ரோஸ் தும்லாவ் ஒருத்தங்கதான். அந்தம்மாவுக்கே அம்பத்தாறு வயசு. நீங்க அவங்க அப்பாவா?”