மூன்றடியாரின் இடர்ப்பாடு

சொந்த வீடு உள்ளவர்களுக்குள் விதிவிலக்கார் என்று ஓர் இனம் இருக்கிறது. இவர்களை விதியை மீறுகிறவர்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மீறுகிறவர் மூன்று நாள் விடுமுறை வந்தால் தார்ப்பாயைக் கட்டி மறைத்து உள்ளே சுவரை எழுப்பிவிட்டு, நாலாம் நாள் ஒன்றுமே தெரியாதவர்போல வாசலில் நின்று பேப்பர் படிப்பார். விதிவிலக்கார் அப்படிப்பட்டவர் கிடையாது. கட்டட விதிகள் அவருக்கு மனப்பாடம். தெருவில் ஒவ்வொரு வீடும் அவற்றுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று அவர் உண்மையாகவே விரும்புகிறார். தன் வீட்டுச் சுவர்வரை வரும்போது மட்டும் அந்த விதி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டால் போதும். அதற்கும் அடாவடி செய்ய மாட்டார். மனுப் போடுவார்.

ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? கஷ்டமே இல்லை. பிறர் வீட்டுச் சுவரை அடியில் அளப்பார், தன் வீட்டுச் சுவரை அங்குலத்தில் அளப்பார். எதிர்வீட்டு மாடிப்படி “தெருவுக்கே வந்துடுச்சு.” அவருடைய படி “ஒரு சாண்கூட இருக்காது.” ‘தற்காலிகமாக’ என்று சொன்னால் கான்கிரீட் என்று அர்த்தம். ‘சும்மா ஒரு ஷெட்’ என்றால் மேலே ஒரு மாடி வரப்போகிறது. உங்கள் வீட்டுக்கு வரும்போது கக்கத்தில் வரைபடச் சுருளோடு வருவார். அதைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, ஒரு மூலைக்கு உப்பு ஜாடி, ஒரு மூலைக்கு மூக்குக்கண்ணாடிக் கூடு, ஒரு மூலைக்கு டிவி ரிமோட், நாலாவது மூலைக்கு உங்கள் முழங்கை என்று வைத்துவிட்டு ஆரம்பிப்பார். “நான் பொதுவா இந்த மாதிரியெல்லாம் கேக்கிற ஆள் இல்லை சார்.” முழங்கையை எடுக்க முடியாது. எடுத்தால் வீடு சுருண்டுகொள்ளும்.

எங்கள் தெருவில் இந்த இனத்துக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறார். மதிலுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே காலியாக விட வேண்டிய மூன்றடியைப் பற்றியே அவர் எப்போதும் பேசுவதால், மூன்றடியார் என்று பெயர் விழுந்துவிட்டது. காப்பீட்டு நிறுவனத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். தெருமுனை முடிதிருத்தும் கடையின் பெயர்ப்பலகை நடைபாதைக்கு மேல் ஒன்பது அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று நான்கு புகார் எழுதி, ஐந்தாவதில் அதை இறக்க வைத்தவர். பலகை இறங்கிய அன்று தெருவில் நிமிர்ந்து நடந்தார். அடுத்த வாரம் தன் வீட்டின் மேற்குப் பக்கத்து மூன்றடியையும் சேர்த்து ஓர் அறை கட்ட அனுமதி கேட்டார். முடிதிருத்துகிறவர் கத்தரியைப் பிடித்தபடியே கேட்டாராம், “என்ன சார், ஒன்பது அங்குலத்துக்கு என் போர்டை இறக்கினீங்களே?” மூன்றடியாரின் பதிலை நீங்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

“அது வேற விஷயம்.”

மூன்றே சொல். சொல்லுக்கு ஓரடி.

அந்த மூன்றடிக்கு அந்தப் பக்கம் தையல்காரக்கா வீடு. பழைய வீடு, தனி மதில் கிடையாது, வீட்டுச் சுவர்தான் எல்லை. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டார் விட்டு வைத்திருக்கும் இடம்தான் அக்காவுக்குக் காற்று, வெளிச்சம் எல்லாம். மூன்றடியார் பக்கம் பார்த்த கிழக்கு ஜன்னல் ஓரத்தில்தான் அக்காவின் மெஷின். அங்கே அறை வந்தால் ஜன்னல் ஒரு சுவரில் போய் முட்டும். அக்காவின் பிழைப்பு அந்த ஜன்னலில் இருக்கிறது. மூன்றடியாருக்கு இது தெரியாமல் இல்லை. “நல்ல எல்.இ.டி. பல்பு ஒண்ணு வாங்கித் தரேம்மா, பகல் மாதிரி இருக்கும்,” என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருக்கிறார். அறை எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? நடைப்பயிற்சி இயந்திரம் வைக்க. மாடியில் இரண்டு அறை சும்மா கிடக்கின்றன. ஆனால் அந்த இயந்திரத்தில் நடப்பதற்காக மாடி ஏறி இறங்குவது அவருக்குச் சிரமமாக இருந்தது.

சிரமம் இருந்தால் போதாது. மனுவில் ‘இடர்ப்பாடு’ என்று ஒரு கட்டம் உண்டு. மனை கோணலாக இருக்கிறதா, பாறை இருக்கிறதா, சரிவாக இருக்கிறதா என்று அறிவதற்காக வைத்த கட்டம் அது. நிலத்துக்கு என்ன குறை என்று அது கேட்கிறது. நம் விதிவிலக்கார்கள் அதை ஒரு நாளும் அப்படிப் புரிந்துகொண்டதில்லை. ஊரில் உள்ள மூட்டு வலி, மூச்சிரைப்பு, முதுகுப் பிடிப்பு அத்தனையையும் கொண்டுபோய் அந்த ஒரு கட்டத்தில் கொட்டியிருக்கிறார்கள். மனு வாங்கும் அலுவலகத்தில் ஒரு எழுத்தர் என்னிடம் அலுத்துக்கொண்டார்: “இந்த ஊர்ல மாமியார் முழங்காலை வெச்சே முழுசா ஒரு மாடி கட்டியிருக்காங்க சார்.”

மூன்றடியாருக்கு மாமியார் இல்லை. அவர் இருந்த துறையில் ஜெயித்த விண்ணப்பத்தைப் பார்த்து அடுத்த விண்ணப்பத்தை எழுதுவதுதான் வழக்கம். அதனால் தெருவில் யாருக்கு விதிவிலக்கு கிடைத்திருக்கிறது என்று விசாரித்து, அந்த வீட்டுக்குப் போய், பழைய மனுவின் நகலை வாங்கிக்கொண்டார். நடை நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். டைப் அடிக்கும் கடையில் கொடுத்து, பெயரையும் கதவிலக்கத்தையும் மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். மற்றதை அவரும் படிக்கவில்லை, கடைக்காரரும் படிக்கவில்லை. ஜெயித்த மனுவை எதற்குப் படிக்க வேண்டும்?

நான்கு மாதம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்பதால் தையல்காரக்காவுக்கும் கடிதம் போயிற்று. “அங்கெல்லாம் எனக்குப் பேச வராது, கூட வாங்கண்ணா,” என்று என்னை அழைத்தார். அக்கா வீட்டுக்கு அந்தப் பக்கத்து வீடு மூன்றடியாருடையது, இந்தப் பக்கத்து வீடு என்னுடையது. போனேன்.

அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கதவில் ஒட்டிய ‘பழுது’ என்ற தாளே மஞ்சளாகிப் போயிருந்தது. பெஞ்சுகளில் இருபது பேர், மடிக்கு ஒரு சுருள். ஒவ்வொருவர் மனுவும் வாசிக்கப்படும்போது மற்ற பத்தொன்பது பேரும் முகத்தைச் சுளித்து, இதுக்கெல்லாம் குடுத்தா ஊர் என்னாகும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கவலைப்பட்டார்கள். பிறகு அவர்கள் முறை வந்தது. எழுந்து நின்று, பொதுவாகத் தாங்கள் இந்த மாதிரியெல்லாம் கேட்கிற ஆள் இல்லை என்றார்கள்.

மூன்றடியார் மனைவியோடு வந்திருந்தார். இரண்டு கோப்பு, தண்ணீர்ப் பாட்டில், குடை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அந்த அம்மாள் முதலில் ஏறி வந்து, கணவருக்கும் இடம் போட்டு வைத்திருந்தார். ஐந்து நிமிடம் கழித்து மூன்றடியார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. சிவப்புப் பென்சிலைக் காதில் செருகியிருந்தார். சந்தைக் கணக்கு வாசிப்பதுபோல ஒரே குரலில் மனுக்களை வாசித்து வந்தவர், இந்த மனுவில் வேகத்தைக் குறைத்தார்.

“‘படுத்த படுக்கையாக இருக்கும் என் மனைவியால் மாடி ஏற இயலாது. மருத்துவர்கள் ஆறு மாதமே கெடு சொல்லியிருக்கிறார்கள். அவர் இருக்கும் காலம்வரை வெளிச்சமும் காற்றும் வரும் ஓர் அறையில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு வேண்டுதல் இல்லை.’” கண்ணாடியைக் கழற்றினார். காலையிலிருந்து இல்லாத மென்மையோடு மூன்றடியாரைக் கேட்டார். “இப்ப எப்படி இருக்காங்க?”

பக்கத்தில் கோப்பால் விசிறிக்கொண்டிருந்த அம்மாள் கேட்டார். “யாரு மேடம்?”

“இவரோட மனைவி.”

“நல்லாத்தான் இருக்கேன்.”

அது ஒரு ஃபார்மாலிட்டிக்காக எழுதினது என்று மூன்றடியார் ஆரம்பித்தார். அம்மாள் அவர் பக்கம் திரும்பினார். குரல் ஏறவே இல்லை.

“ஆறு மாசமா? மனுப் போட்டே நாலு மாசம் ஆச்சேங்க. மிச்சம் ரெண்டு மாசத்துல நீங்க ரூமுக்கு பெயிண்டுகூட அடிச்சு முடிக்க மாட்டீங்களே.”

இருபது சுருளும் குலுங்கின. எழுத்தர் மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ தேடினார். நானும் சிரிக்க வாயெடுத்தேன், முடியவில்லை. அந்த வாக்கியம் எனக்குத் தெரிந்தது. ‘காற்றும் வெளிச்சமும்’ என்று போடுவதா, ‘வெளிச்சமும் காற்றும்’ என்று போடுவதா என்று அரைமணி நேரம் யோசித்து, அவளுக்கு எது முதலில் பிடிக்கும் என்று பார்த்து எழுதியவன் நான்.

அதிகாரி அக்காவை அழைத்தார். பேச வராது என்றவர் எழுந்து நின்று, பேசினார்.

“கறுப்புத் துணியில கறுப்பு நூல் பல்பு வெளிச்சத்துல தெரியாது மேடம். கருநீலத்தைக் கறுப்புன்னு நினைச்சுத் தைச்சிடுவேன். போட்டுக்கிட்டவங்க வெயில்ல போய் நின்னப்புறம்தான் தெரியும். தெரிஞ்சா அடுத்த துணி எனக்கு வராது.”

அதிகாரி வரைபடத்தில் விரலை வைத்தார். “மேற்கே இன்னொரு ஜன்னல் இருக்கே. மெஷினை அங்க போட்டுக்கலாமே?”

“அது மூடியாச்சு மேடம்.”

“யார் மூடினது?”

“அந்தப் பக்கமும் ஒரு ரூம் வந்துச்சு. ஆட்சேபணை இல்லைன்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன்.” என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “அங்க நிஜமாவே அண்ணிக்கு முடியாம இருந்துச்சு. அது வேற விஷயம்.”

அதிகாரி காதிலிருந்து பென்சிலை எடுத்து, இடர்ப்பாடு உண்மைக்கு மாறானது, நிராகரிக்கப்படுகிறது என்று எழுதினார். அக்காவின் கிழக்கு ஜன்னல் பிழைத்தது.

படியிறங்கும்போது மூன்றடியார் என்னைப் பிடித்துக்கொண்டார். விதிவிலக்காருக்கு வெட்கம் முதல் மாடிவரைகூட வராது. உங்க மனுவுலதான் சார் தப்பு, இதெல்லாம் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று குறைப்பட்டுவிட்டு, அடுத்த தடவை தன் ரத்த அழுத்தத்தை வைத்தே எழுதிவிடப் போவதாகச் சொன்னார். இரண்டு படி கீழே போய்க்கொண்டிருந்த அவர் மனைவி நின்று, கோப்பு, பாட்டில், குடை மூன்றையும் அவர் கையில் திணித்தார்.

“நீங்களே தூக்கிட்டு வாங்க. எனக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு.”

மூன்றடியாரைப் பார்த்துச் சிரித்து முடித்தீர்களா? அப்படியானால் இன்னொன்று பாக்கி இருக்கிறது. அக்காவின் மேற்கு ஜன்னலை மூடிய அந்த அறை. அந்த மனுவில் பொய் ஒன்றும் இல்லை. அது அலுவலகத்தில் ஆறரை மாதம் கிடந்தது. மருத்துவர்கள் சொன்ன கணக்கு சரியாகவே இருந்தது. உத்தரவு வந்தபோது அறை யாருக்காகக் கேட்டேனோ அவள் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. உத்தரவின் கீழே, ஓர் ஆண்டுக்குள் கட்டாவிட்டால் செல்லாது என்று இருந்தது. அதைப் படித்தபோது என்ன தோன்றியது தெரியுமா? கிடைத்த அனுமதியை வீணாக்குவதா என்று தோன்றியது. கட்டினேன். சுவர் எழும்பிய வாரம் அக்கா மெஷினைத் தூக்கிக் கிழக்கு ஜன்னலுக்கு மாற்றிக்கொண்டார். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அந்த அறையில் ஒரு இஸ்திரி மேஜையும், பழைய பேப்பர்க் கட்டும், மெத்தையில்லாத ஒரு கட்டிலும் இருக்கின்றன. வெளிச்சமும் காற்றும் நன்றாக வருகின்றன.

விசாரணை முடிந்த வாரம் அதே அலுவலகத்துக்குப் போய், ஓர் அறையை இடிக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். எழுத்தர் ஒரு படிவம் கொடுத்தார். அதிலும் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. இன்னும் நிரப்பவில்லை. நிரப்பாமலிருப்பதற்குக் காரணம் கேட்டால் என்ன சொல்வேன் என்று உங்களுக்குத் தெரியும். மூன்றே சொல்தான்.

உங்கள் வீடு அப்படியில்லை, தெரியும். நீங்கள் பொதுவாக இந்த மாதிரியெல்லாம் கேட்கிற ஆளும் இல்லை. இருந்தாலும் ஒரு நாள் வேலை இல்லாதபோது உங்கள் சுவரிலிருந்து எல்லைவரை அளந்து பாருங்கள். ஒரு ஆளால் முடியாது. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். வீட்டில் ஒருவர் இருந்தால் நல்லது. இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கூப்பிட வேண்டும்.

கூப்பிடத் தயக்கமாக இருக்கிறதா? அப்படியானால் அளக்க வேண்டியதில்லை.