கீழ்பென்னாத்தூர் மோரும் என் மருமகள் வயிறும்

திருவண்ணாமலை,
20-2-1984

மரியாதைக்குரிய மைத்துனர் ஆதிமூலம் அவர்களுக்கு, தங்கள் தங்கை ரேணுகாம்பாளின் கணவன் கோதண்டராமன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அண்ணாமலையார் தயவில் அனைவரும் சுகம் என்று எழுதத்தான், தாலுகா ஆபீசில் முப்பத்தொரு வருஷம் எழுதிப் பழகிய கை போகிறது. சுகமில்லை. அங்கு தாங்களும் தங்கள் கறவை மாடும் சுகமாகத்தான் இருப்பீர்கள். மாட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதன் மோரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தாங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. தீபத்துக்கு வேணு ஜெர்மனியிலிருந்து பெண்டாட்டியோடு வந்தான். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து நாங்கள் முதன்முதலாகப் பார்த்த மருமகள். வெள்ளைக்காரப் பெண்ணாக இருந்தும், யாரும் சொல்லாமலே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள் இங்கிரிட். மூன்று வயதுக் குழந்தையை மட்டும், நம் ஊர்த் தண்ணீர் எப்படியோ என்று பயந்து, அவள் தாயாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். இந்தத் தடவை இவளுக்கு ஒத்துக்கொண்டால் அடுத்த தடவை குழந்தையும் வரும் என்பது பேச்சு. ஆக, நான் என் பேத்தியைப் பார்ப்பதும் பார்க்காததும் இந்தப் பெண்ணின் வயிற்றைப் பொறுத்து இருந்தது. அவள் கையில் ஒரு சின்னப் புத்தகம். வெளிதேசம் போகிறவர்களுக்கு வயிற்றுப்போக்கு எதனால் வருகிறது, எப்படித் தடுப்பது என்று அவர்கள் ஊர் டாக்டர் எழுதியது. வேணு அதைப் படித்துத் தமிழில் சொன்னான். கண்ணுக்குத் தெரியாத கிருமி தண்ணீரில் இருக்குமாம், உள்ளூர்க்காரனைச் சும்மா விட்டுவிட்டுப் புதிதாக வந்தவனைப் பிடித்துக்கொள்ளுமாம். பச்சைத் தண்ணீர் ஆகாது, ஐஸ் ஆகாது, தோலோடு பழம் ஆகாது, ஆறிப்போன பண்டம் ஆகாது, கொதிக்க வைத்த தண்ணீர்தான் குடிக்க வேண்டும். தங்கள் தங்கை அதற்கென்று தனித் தவலை எடுத்து வைத்து, காலையும் மாலையும் தளதளவென்று கொதிக்க வைத்தாள். நான் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் அடுப்பங்கரையில் நின்றேன். மூன்றாம் நாள் அவள் லேசாக வயிற்றைப் பிடித்துக்கொண்டது உண்மைதான். பிரயாண அலுப்பு என்று விட்டுவிட்டோம்.

நாலாம் நாள் கீழ்பென்னாத்தூரில் தங்கள் வீட்டு விருந்து. சோறு சூடாக இருந்தது, குழம்பு சூடாக இருந்தது, குறை சொல்ல மாட்டேன். கடைசியில் தங்கள் சம்சாரம், தங்கச்சி பாஞ்சாலை, ஒரு டம்ளர் மோரோடு வந்து, "எங்க வூட்டு வாசப்படி மிதிச்சிட்டு ஒரு வாய் மோர் குடிக்காம போனா, நாங்க என்ன அசலா?" என்று கேட்டாள். தாங்களாவது தடுத்திருக்கலாம். "நம்ம பசு மோருதான், ஒண்ணும் ஆவாது, குடிம்மா. ஏ பாஞ்சாலை, இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா ஊத்து" என்றீர்கள். அந்தப் பெண் வேணுவின் முகத்தைப் பார்த்தாள். அவன் மாமா மனசு நோகக்கூடாது என்று தலையாட்டினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

மறுநாள் விடிந்ததும் ஆரம்பித்தது. ஏழு மணிக்குள் ஐந்து தடவை. அவள் வருகிறாள் என்று கொல்லையில் புதிதாகக் கக்கூஸ் கட்டினேனே, அதன் முழுப் பயனும் அந்த ஒரு வாரத்தில் கிடைத்துவிட்டது. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு கம்பவுண்டர் தருமன் வந்து, "ஒரு சொட்டுத் தண்ணி குடுக்காதீங்க சார், குடுத்தா குடுத்தது அப்படியே போவும்" என்றார். மத்தியானம் வரை கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, கண் உள்ளே போய்விட்டது. பிறகு வந்த டாக்டர் எங்களைத் திட்டிய திட்டை என் மேலதிகாரி ஒருவர்கூடத் திட்டியதில்லை. "போறதுக்கு மேல உள்ள போவணுங்க. தண்ணிதான் மருந்து. கொதிக்க வெச்ச தண்ணி ஒரு லிட்டர், சர்க்கரை ஆறு ஸ்பூன், உப்பு அரை ஸ்பூன், விடாம குடுங்க" என்றார். ரேணுகா அளவு பிசகாமல் கலந்து விடாமல் கொடுத்தாள். மருந்து உள்ளே போகப் போக வயிறு இன்னும் மோசமானது. மேற்படி மோரின் வீரியம் அப்படி. கடைசியில் டாக்சி வைத்து வேலூருக்குக் கொண்டுபோய், இரண்டு நாள் பாட்டில் ஏற்றிய பிறகுதான் எழுந்து உட்கார்ந்தாள். வீட்டுக்குத் திரும்பிய பின் ரொட்டியும் எங்கள் வெந்நீரும் தவிர வேறெதுவும் அவள் பல்லில் படவில்லை. அப்படியிருந்தும் மூன்றாம் நாள் மறுபடியும் கண்டுவிட்டது. ஒரு டம்ளர் மோர், பாட்டில் மருந்துக்கும் தப்பி உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிறது என்றால் அது எப்பேர்ப்பட்ட மோர் என்று தாங்களே யோசியுங்கள். ஊருக்குப் போகும்போது அவளுடைய கைவளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது.

நேற்று வேணுவின் கடிதம் வந்தது. ஆடி மாத லீவில் குழந்தையை அழைத்து வர இங்கிரிட் சம்மதித்துவிட்டாளாம். "அம்மா கொதிக்க வைக்கும் தண்ணீரை நம்பித்தான் வருகிறோம். மாமா வீட்டுக்கு மட்டும் போக மாட்டோம். அவர்கள் எதையும் கொண்டுவரவும் கூடாது" என்று எழுதியிருக்கிறான். ஆகவே தாங்களும் தங்கச்சி பாஞ்சாலையும் ஆடி முழுக்க இந்தப் பக்கம் தலைகாட்ட வேண்டாம். வேர்க்கடலை, தயிர், முறுக்கு என்று பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பவும் வேண்டாம், வந்தால் அதே பஸ்ஸில் திரும்பும். ரேணுகாவிடம் இதைக் காட்டவில்லை. அவள் அண்ணன் மேல் உயிரையே வைத்திருக்கிறாள். எனக்கு என் பேத்தி பெரிது.

தாங்கள் வயதில் மூத்தவர், ஆசி கூற எனக்கு உரிமையில்லை. வணக்கம் சொல்ல மனம் வரவில்லை. தங்கள் வீட்டுச் சிறுவர்களுக்கு மட்டும் என் ஆசிகள். மாட்டை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
கோதண்டராமன்

பி.கு. கவரை ஒட்டும் முன் தொண்டை கட்டியிருந்ததால், ரேணுகாவிடம் கொதிக்க வைத்த தண்ணீர் கேட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய இரண்டாம் நிமிஷம், வாயில் வைக்கிற பதத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். இவ்வளவு சீக்கிரம் எப்படி ஆறியது என்று கேட்டேன். "தொட்டித் தண்ணிய ஊத்தி விளாவினேன். அந்தப் பொண்ணு மொத நாளு வாய் சுட்டுக்கிச்சே, குடிக்கிற பதத்துல குடுடின்னு நீங்கதான சத்தம் போட்டீங்க? அதுலேர்ந்து பாதிக்குப் பாதி விளாவித்தான் குடுத்தேன், உப்பு சக்கரத் தண்ணியும் அப்படித்தான்" என்றாள். எழுந்துபோய்த் தொட்டியை எட்டிப் பார்த்தேன். உள்ளே கண்டதை எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் தாங்க மாட்டாள். இனிமேல் நானே கொதிக்க வைத்து, மூடி ஆறவைத்து, என் கையால் ஊற்றிக் கொடுப்பேன், ஒரு சொட்டு விளாவ விடமாட்டேன். தாங்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். மோர்தான் காரணம், மன்னித்துவிடு என்று வேணுவுக்கு ஒரு கடிதம் போடுங்கள். அவனுக்கு நம்பிக்கை இருப்பது இந்த வீட்டு வெந்நீர் ஒன்றில்தான், அதுவும் போய்விட்டால் வர மாட்டான். கடிதத்தின் முன்பாகத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, இந்தப் பி.கு.வைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள். செய்கிற காரியம் அநியாயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் மச்சான், அந்தக் குழந்தையை நான் இன்னும் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன்.