குத்தாலிங்கத்தின் சிறுநீரும் கொச்சி மிஷினும்

தென்காசி,
வெள்ளிக்கிழமை

மதிப்பும் பிரியமும் மிக்க மாப்பிள்ளை ஜெகதீஸ்வரன் அவர்களுக்கு, அத்தான் தில்லைநாயகம் எழுதுவது. காசிவிசுவநாதர் புண்ணியத்தில் இங்கே என் பிரஷரைத் தவிர மற்றெல்லாம் சௌக்கியம். சென்னையில் நீங்களும் குடும்பமும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உங்கள் அக்காள் ஸ்பீக்கரில் போடச் சொல்வாள், அதனால் கடிதம்.

உங்கள் சிபாரிசில் நம் பிள்ளை குத்தாலிங்கத்துக்குக் கிடைத்த கப்பல் வேலை போய்விட்டதா என்று கேட்டிருந்தீர்கள். போகவில்லை, போகப் பார்த்தது. கப்பலில் ஏறுமுன் போதைப்பொருள் பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுக்க வேண்டும் என்று கம்பெனியில் சொன்னதால், நானும் உங்கள் அக்காளும் ராகுகாலம் கழித்துப் பிள்ளையை லேபுக்குக் கூட்டிப்போனோம். பக்கத்தில் ஓர் ஆள் நின்று பார்ப்பாராம், இவனுக்கு வரவில்லை. ஐந்தருவியை நினைச்சுக்கோ என்று வெளியிலிருந்து சொன்னேன். இப்ப சீசன் இல்லையேப்பா என்கிறான். ஒருவழியாகக் கொடுத்தான். லேபில் இருக்கிற நஸீபா என்ற பெண் அதில் ஓர் அட்டையை முக்கிப் பார்த்துவிட்டு, அபின் வகைன்னு காட்டுது அண்ணாச்சி என்றாள். அட்டை ஆள் தெரியாமல் குரைக்கிற நாய் மாதிரி, கொச்சியில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று ஒரு மிஷின் இருக்கிறது, அது ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியாகப் பிரித்து எடைபோட்டுப் பெயரோடு சொல்லிவிடும் என்று அவளே ஆறுதல் சொல்லி, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பினாள். உங்கள் அக்காள் பெட்டிக்குத் திருநீறு பூசினாள்.

மிஷின் சொன்னது: மார்ஃபின் கொஞ்சம் இருக்கிறது, ஹெராயின் எடுத்தவனிடம் இருக்கவேண்டிய அடையாளம் இல்லை. ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர் சத்யபிரியா நல்ல மனசுக்காரர். கசகசா நிறையச் சாப்பிட்டாலும் இப்படிக் காட்டும், ஏதாவது சாப்பிட்டீங்களா தம்பி என்று வழி எடுத்துக் கொடுத்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். "எங்க வீட்டுல கசகசா வாங்குததே இல்ல மேடம், படிக்குத பிள்ளைக்குத் தூக்கம் வரும்னு என்னைக்கோ நிறுத்தியாச்சு. நாங்க சுத்த சைவம், வெளியவும் கை நனைக்க மாட்டோம்" என்று அவனுக்கு இருந்த ஒரே வாசலையும் பூட்டிவிட்டுப் பெருமையாக உட்கார்ந்தேன். அப்படியானால் போதை என்றுதான் எழுதவேண்டும் என்று டாக்டர் பேனாவைத் திறந்தார்.

குத்தாலிங்கம் என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். "புளியறை பார்டர் கடையில பரோட்டா சால்னா தின்னேன்ம்மா."

"என்ன சால்னாலே அது?"

"கோழி."

மாப்பிள்ளை, அப்போது உங்கள் அக்காள் முகத்தைப் பார்த்திருந்தால் அபினே தேவலை என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும். அந்தக் கடையில் அவ்வளவு கசகசா போடுவார்களா என்று டாக்டர் கேட்டார். போடுவார்கள் என்று நான்தான் சாட்சி சொன்னேன். பெத்த பிள்ளைக்கு வேற என்ன செய்ய? சில நாள் தயிர்சாதம் போட்டு மறுபடி கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தோம், கொச்சி மிஷின் சுத்தம் என்று சொல்லிவிட்டது. அடுத்த வாரம் கப்பல் ஏறுகிறான். வீட்டில் அவனுக்கு மட்டும் தனித் தட்டு. நீங்க ஒருத்தராவது ஒழுங்கா இருக்கேளே என்று உங்கள் அக்காள் என்னைப் பார்த்துக் கண் கலங்குகிறாள். எனக்கும் கலங்குகிறது.

சாஸ்தா உங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
தில்லைநாயகம்

பின்குறிப்பு: ஒரு சட்டிச் சால்னாவுக்கு எத்தனை கைப்பிடி கசகசா, எப்போது சூடாக இறக்குவார்கள் என்பதுவரை டாக்டரிடம் சொல்லிவிட்டேன். இதெல்லாம் எப்படித் தெரியும் என்று உங்கள் அக்காள் இன்றுதான் கேட்டாள். நீங்கள் சொன்னதாகச் சொல்லிவிட்டேன். பிள்ளையை முதலில் அங்கே கூட்டிப்போனதும் நீங்கள்தான் என்றேன். நேரில் கேட்க இன்று பொதிகை ரயிலில் புறப்படுகிறாள். தபாலில் போட்டால் தாமதமாகும் என்று இந்தக் கடிதத்தை அவளிடமே கொடுத்து அனுப்புகிறேன். கதவைத் திறக்குமுன் தயவுசெய்து படித்துவிடவும்.