ஒரு முட்டைக்கு எத்தனை நிமிடம்?

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிய பெயிண்டர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம் என்று தொடங்குவதுதான் முறை. அதை இன்னும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்பதால் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீங்களும் அக்காவும் நலமாகத்தான் இருப்பீர்கள். என் வீட்டுக்காரியும் ஆறு நாளாக உங்கள் வீட்டில்தானே இருக்கிறாள், நலத்துக்கு என்ன குறைச்சல்.

போன மாதம் நீங்கள் வந்து பத்து நாள் தங்கினீர்கள். வந்த விருந்தாளி சும்மா சாய்ந்து பேப்பர் படித்திருக்கலாம். ஆனால் முப்பத்தாறு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்த வாய் சும்மா இருக்குமா? "மூணு சுவருக்கு ரெண்டு டின் பெயிண்ட்டுன்னா, ஒம்பது சுவருக்கு எத்தனை மாப்ளே?" என்று கேட்டீர்கள். "சுவத்தப் பாத்தாதான் சொல்ல முடியும் மச்சான், புதுச் சுவருன்னா பெயிண்ட்டக் குடிக்கும்" என்றேன் நான். "சுவத்தப் பாக்காதீங்க, கணக்கப் பாருங்க. மொத வரியில தெரிஞ்சத எழுதுங்க. ரெண்டாவது வரியில ஒண்ணுக்கு எவ்வளவுன்னு கண்டுபிடிங்க. மூணாவது வரி தானா வந்து விழும்" என்று ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினீர்கள். ஆறு டின் என்று வந்தது. மறுநாள் வேலையிடத்தில் அடித்துப் பார்த்தால் அந்த ஆறு டின் சரியாக வேறு இருந்து தொலைத்தது. தப்பாகப் போயிருந்தால் அன்றோடு நான் தப்பித்திருப்பேன்.

அடுத்தது ஒரு பல் டாக்டரின் அறை. இரண்டு ஆட்கள் ஆறு மணி நேரத்தில் அடிக்கிற அறை. ஆள் கூடினால் நேரம் குறையும் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்த இரண்டாவது பாடத்தை எடுத்துக்கொண்டேன். ஒருவருக்குப் பன்னிரண்டு மணி நேரம், ஆகவே ஆறு பேருக்கு இரண்டு மணி நேரம். டாக்டரிடம் பதினொரு மணிக்கு வந்து சாவி வாங்கிக்கொள்ளுங்கள் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, ஒன்பது மணிக்கு ஆறு பேரை உள்ளே விட்டேன். அந்த அறையில் ஒரு நாற்காலி போட்டு ஒருவர் வாயைத் திறக்கலாம், அவ்வளவுதான் இடம். மூன்று ஏணி நிறுத்தியதும் கதவைத் திறக்க முடியவில்லை. நெட்டையின் முழங்கை கட்டையனின் வாளியில், கட்டையனின் பிரஷ் நெட்டையின் காதில். இத்தனைக்கும் நடுவே முதல் பூச்சு முடிந்தது. அது காய நாலு மணி நேரம் ஆகும். நானும் நின்று பார்த்தேன், ஆறு பேரும் நின்று பார்த்தார்கள், எத்தனை பேர் பார்த்தாலும் பெயிண்ட் நாலு மணி நேரம்தான் காய்கிறது மச்சான். பதினொரு மணிக்கு டாக்டர் ஒரு நோயாளியோடு வந்துவிட்டார். பாவம், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்த மனுஷன் வலி தாங்காமல் சுவரில் சாய்ந்தார். பல்வலியோடு வந்தவர் பச்சை முதுகோடு போனார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

பட்ட பிறகாவது புத்தி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது வாய். மறுநாள் காலையில் உங்கள் தங்கை அடுப்படியில் நின்றிருந்தாள். எனக்கு அன்று வேலை கொடுத்தவர் வீட்டிலேயே சாப்பாடு. நான் மூன்று வரியையும் மனதுக்குள் போட்டுவிட்டு, "ரெண்டு பேருக்குச் சமைக்க ஒரு மணி நேரம் ஆகுது. ஒருத்தருக்கு அரை மணி. இன்னிக்கு உனக்கு மட்டும்தானே, அரை மணி மிச்சம். அதுல என் பிரஷ்ஷையெல்லாம் கழுவி வச்சிடேன்" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும்.

அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். "இருபத்தெட்டு வருஷமா ரெண்டு ஆள் வேலைய ஒருத்தியா செய்யறேன். உங்க அரை மணிக் கணக்குல அது எந்த வரில வருது?" என்றாள். நான் தலையைச் சொறிந்தேன். "சரி, ஒருத்தருக்கு எவ்வளவுன்னு நீங்களே தனியா இருந்து கண்டுபிடிங்க." பையை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் பஸ் ஏறிவிட்டாள். சாயங்காலம் வந்து பார்த்தால் சாப்பாட்டு மேசையில் ஒரு தாள். நீங்கள் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டிய அதே தாளின் பின்பக்கம். "இரண்டு பேருக்கு ஒரு வீடு. ஆகவே ஒருவருக்கு" என்று எழுதி, மிச்சத்தைக் காலியாக விட்டிருக்கிறாள்.

ஆறு நாளாக அதைத்தான் போட்டுப் பார்க்கிறேன். முதல் நாள் பசி. நான்கு முட்டை வேகப் பன்னிரண்டு நிமிடம் என்று அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு முட்டைக்கு மூன்று நிமிடம் என்று இறக்கி உடைத்தேன். அது சட்டையெல்லாம் ஒழுகியது. மூன்றாம் நாள் மூக்குக்கண்ணாடி காணாமல் போனது. இரண்டு பேர் தேடினால் ஐந்து நிமிடம், ஆகவே ஒருவர் தேடினால் பத்து நிமிடம். இன்றோடு நாலு நாள் ஆகிறது. இந்தக் கடிதத்தையே தாளில் மூக்கு உரச எழுதுகிறேன், எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். மேசைத் தாளில் "அரை வீடு" என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். ஆனால் வீடு பாதியாகவில்லையே, முன்பைவிடப் பெரிதாகிப் போனது. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போவதற்குள் அலுத்துப்போகிறது. கட்டிலில் மட்டும் கணக்குச் சரியாக வருகிறது. யாரும் சொல்லாமலே என் பாதியில்தான் படுக்கிறேன்.

எனக்கு அவள் வேண்டும் மச்சான். சுற்றி வளைத்து எழுதத் தெம்பில்லை. வெள்ளம் தலைக்குமேல் போன பிறகு சாண் என்ன முழம் என்ன. பிரஷ்ஷை நானே கழுவுகிறேன், அவளுடைய பாத்திரத்தையும் சேர்த்துக் கழுவுகிறேன். தாங்கள் தயவு வைத்து, நல்லது கெட்டது சொல்லி, தங்கையை இங்கே அனுப்பி வையுங்கள். கூடவே உங்கள் 'ஒன்றுக்கு எவ்வளவு' கணக்கையும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். நான் பழையபடி சுவரைப் பார்த்தே பெயிண்ட் வாங்கிக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பான விசாரிப்பு. உங்கள் முழங்கால் வலி சீக்கிரம் குணமாகட்டும்.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும் உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டுகிற நேரத்தில் வாசலில் இரண்டு பைகள். ஒன்று உங்கள் தங்கையுடையது. உட்காரக்கூட இல்லை, "கண்ணாடி ஃபிரிட்ஜ் மேல இருக்கும், வேற எங்க வைப்பீங்க?" என்றாள். இருந்தது. இன்னொரு பை அக்காவுடையது. "ஒருத்தி ஒரு மணி நேரத்துல சமைச்சா ரெண்டு பேரு அரை மணியில சமைக்கலாமாம். மிச்ச அரை மணியில அவரோட பழைய விடைத்தாளெல்லாம் தூசி தட்டி அடுக்கணுமாம். நானும் கெளம்பிட்டேன்" என்கிறார். எப்போது திரும்புவார் என்று கேட்டேன், உங்கள் ஒற்றை விரலை அப்படியே தூக்கிக் காட்டினார். ஒரு நாளா, ஒரு வாரமா, ஒரு மாதமா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. உங்கள் தங்கை மேசைத் தாளைப் பார்த்து, "இன்னும் போடலியா?" என்றாள். "வரல" என்றேன். "வராது" என்று மடித்துக் குப்பையில் போட்டாள்.

ஆகவே மேலே கேட்ட எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். கணக்கையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், இனி உங்களுக்குத்தான் தேவைப்படும். இங்கே மூன்று பேருக்கு ஒருவர் சமைக்க வேண்டுமாம், அந்த ஒருவர் நான்தானாம், அடுப்படியிலிருந்து கூப்பிடுகிறார்கள். அங்கே நீங்கள் தனியாக இருப்பீர்கள். பட்டவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள் மச்சான்: ஒரே ஒரு முட்டை வேகவும் பன்னிரண்டு நிமிடம்தான்.